பேட் சம்மிட்: டென்னசி பெண்கள் அணியின் 38 சீசன்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தைப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் இன்றைய நட்சத்திரம் கேய்ட்லின் கிளார்க் காலத்திலிருந்து தொடங்கினாலும், கொஞ்ச நாளில் ஒரு பழைய பெயரில் வந்து நிற்பார்கள். பேட் சம்மிட். வர்ணனையாளர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். அது ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக, வழக்கமாக வரும் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இவர் யார்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1974 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளர். 1,098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசிய சாம்பியன்ஷிப். 38 சீசனில் ஒரு சீசன்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக முடிந்ததில்லை.

எங்கிருந்து வந்தவர்?

1952 ஜூன் 14 அன்று டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் நகரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். புகையிலை, வைக்கோல், கறவை மாடு என்று வருஷம் முழுக்க வேலை ஓயாத வீடு. மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. வேலையெல்லாம் முடிந்த பிறகு வைக்கோல் பரணில் விளக்கைப் போட்டுக்கொண்டு அண்ணன்களோடு கூடைப்பந்து ஆடுவார். பெண் என்று பார்த்து யாரும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது, போக வேண்டிய பள்ளியில் பெண்கள் அணி இல்லை. அப்பா ரிச்சர்ட் ஹெட் குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்தின் ஹென்ரியெட்டா என்ற ஊருக்கு மாற்றினார். மகளை வாய் நிறையப் பாராட்டுகிறவர் இல்லை அவர், ரொம்பக் கறாரான மனிதர். ஆனால் 1960-களில், மகள் பந்து விளையாட வேண்டும் என்பதற்காக வீடு மாறிய விவசாயி என்றால் அதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்?

22 வயதில் தலைமைப் பயிற்சியாளர் வேலையை யார் கொடுத்தார்கள்?

அவரைத் தலைமைப் பயிற்சியாளராக யாரும் தேடிப் போகவில்லை. டென்னசி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் வளாகத்தில் பட்டம் முடித்துவிட்டு, முதுகலை படிக்க நாக்ஸ்வில் வளாகத்துக்கு வந்தார். படித்துக்கொண்டே அணிக்கு உதவியாளராக இருப்பதுதான் பேச்சு. அதற்குள் அப்போதிருந்த பயிற்சியாளர் விடுப்பில் போகவே, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதுவரை ஒரு நாள்கூட யாருக்கும் பயிற்சி கொடுத்த அனுபவம் இல்லை. அணியில் நான்கு பேர் இவரைவிட ஒரே ஒரு வயதுதான் சின்னவர்கள்.

முதல் ஆட்டம் 1974 டிசம்பரில், மெர்சர் அணியோடு. 84-83 என்று ஒரே பாயின்டில் தோற்றார்கள். அந்தச் சீசன் 16 வெற்றி, 8 தோல்வியோடு முடிந்தது.

அப்போது அந்த வேலை எப்படி இருந்தது? சம்பளம் எவ்வளவு?

மாதம் 250 டாலர்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். 1974-இல் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்றால் அந்த அணிக்கு எல்லாமே அவர்தான். வெளியூர் ஆட்டத்துக்கு வேனை இவரே ஓட்டுவார். ஆட்டம் முடிந்ததும் சீருடைகளை இவரே துவைப்பார். அந்தச் சீருடைகளுமே முந்தின வருஷம் டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. ஹோட்டலில் தங்கப் பணமில்லாதபோது, எதிரணியின் ஜிம்மிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டு மறுநாள் அதே தளத்தில் ஆடியிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் அவர் முதுகலைப் படிப்பை முடிக்க வேண்டும். உடற்கல்வி வகுப்பும் எடுக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. கல்லூரியின் கடைசி ஆண்டில் ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் அந்தக் காயம் பட்டால் விளையாட்டை மறந்துவிடச் சொல்வதுதான் வழக்கம். அவருடைய அப்பா மருத்துவரிடம், இவள் ஒலிம்பிக் போக வேண்டியவள், சரிசெய்து கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே அணியின் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, தன் காலைத் தேற்றுவதற்கு இவர் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். ஒரே வருஷத்தில் மாணவி, ஆசிரியை, பயிற்சியாளர், ஒலிம்பிக்குக்குத் தயாராகும் ஆட்டக்காரர் என்று நான்கு வேலை.

1972-இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். கல்லூரிகள் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் அதனால்தான் வந்தது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே பணம் வந்துவிடவில்லை. அது மெதுவாக, ஒவ்வொரு கல்லூரியாக, கேட்டுக் கேட்டு வாங்கப்பட்டது. 250 டாலரில் தொடங்கிய சம்மிட், 2006-இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். இரண்டுக்கும் நடுவே 32 வருஷம்.

டென்னசியில் பெண்கள் அப்போது ஆறு பேராக ஆடினார்களாமே?

ஆமாம், பள்ளி அளவில். ஒரு அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பாயின்ட் எடுக்க மட்டும் வேண்டும். மற்ற மூவர் இன்னொரு பாதியில் நின்று தடுக்க மட்டும் வேண்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பெண்களின் உடல் முழுத் தளத்தில் ஓடுவதைத் தாங்காது என்ற பழைய எண்ணத்தின் மிச்சம் அது.

விளைவைப் பாருங்கள். தடுப்பில் நின்ற பெண் நான்கு வருஷத்தில் கூடையை நோக்கி ஒரு பந்துகூட எறிந்திருக்க மாட்டாள். கல்லூரி ஆட்டமோ ஐந்து பேர், முழுத் தளம். அப்படியானால் அவளுக்கு எந்தக் கல்லூரி ஸ்காலர்ஷிப் கொடுக்கும்? சம்மிட் இதை வெளிப்படையாக எதிர்த்தார். விதியை மாற்றாவிட்டால் சொந்த மாநிலத்துப் பெண்களை என் அணியில் சேர்க்க முடியாது என்றார். 1970-களின் முடிவில் டென்னசி பள்ளிகள் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறின. அவர் வாங்கிய எட்டுக் கோப்பைகளைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் தெரியாது. ஒரு தலைமுறைப் பெண்களுக்கு நடுக்கோட்டைத் தாண்ட வழி கிடைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

ஒலிம்பிக்கில் ஆடினாரா?

ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். பெண்கள் கூடைப்பந்து முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976 மாண்ட்ரியாலில். அமெரிக்க அணியின் இணைத் தலைவிகளில் ஒருவர் இவர். சோவியத் யூனியன் தங்கம், அமெரிக்கா வெள்ளி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் அதே அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அந்தக் கால நட்சத்திரம் செரில் மில்லர் ஆடிய அணி அது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 85-55 என்று வென்று, அமெரிக்கப் பெண்கள் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார்கள். அந்த அணியில் கிம் மல்கி என்று குள்ளமாக, துறுதுறுவென்று ஒரு கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தார். அவர் பின்னால் இரண்டு முறை வருவார்.

கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு ஆட்டம் இல்லாத நாளில் என்ன வேலை?

ஆட்டத்தைவிட அதிக வேலை. சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகும். மீதி மாதங்களில் பெரும்பகுதி ஆள் தேடுவதில் கழியும். தொழில்முறை அணி பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும். கல்லூரியில் ஒரு மாணவி ஆடக்கூடியது நான்கு சீசன்தான். வருஷா வருஷம் அனுபவமுள்ளவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இடத்துக்கு, நாடு முழுக்கப் பள்ளி ஆட்டங்களைப் பார்த்து, வீட்டுக்கே போய், அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசி, 17 வயதுப் பெண்ணைத் தன் கல்லூரிக்கு வரச் சம்மதிக்க வைக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரி என்றால் அதே வீட்டுக்கு இன்னும் பத்துப் பயிற்சியாளர்கள் வந்து போயிருப்பார்கள்.

சம்மிட் இந்த வேலையை எப்படிச் செய்தார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1990 செப்டம்பர். அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியின் வீட்டுக்கு உதவிப் பயிற்சியாளர் மிக்கி டிமாஸோடு விமானத்தில் போனார். போன இடத்தில் பிரசவ வலி வந்துவிட்டது. பேச வந்ததைப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும் வழியில் வலி அதிகமாகி, விமானிகள் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றார். குழந்தை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த வருஷம் மார்ச்சில்தான் வர்ஜீனியா அணி டென்னசியைக் கூடுதல் நேர ஆட்டத்தில் தோற்கடித்து வெளியேற்றியிருந்தது. அந்த முறை ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகளின் ஆட்டங்கள், நடந்தது இவர்களுடைய சொந்த ஊரான நாக்ஸ்வில்லில். சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பைக் கெடுத்த மாநிலத்தில் பிள்ளை பெற அவருக்கு மனம் வரவில்லை. விமானம் நாக்ஸ்வில் வந்து சேர்ந்தது, மகன் டைலர் அங்கே பிறந்தான்.

அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே வர்ஜீனியா. மறுபடியும் கூடுதல் நேரம். இந்த முறை 70-67 என்று டென்னசி வென்றது.

மார்சினியாக் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதலில் நோட்டர் டேமுக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் கழித்து மனம் மாறி டென்னசிக்கு வந்தார். 1996 ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

முதல் சாம்பியன்ஷிப் எப்போது?

1987, டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில். லூசியானா டெக் அணியை 67-44 என்று வென்றார்கள். அதற்கு முன் ஏழு முறை கடைசி நான்கு அணிகளுக்குள் வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். பெரிய ஆட்டம் வந்தால் இவரால் முடியாது என்ற பேச்சு அப்போது பலமாகவே இருந்தது. அப்புறம் 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008.

ரொம்பக் கண்டிப்பானவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவருடைய முறைப்பு ஊரறிந்தது. வெளிர் நீலக் கண்களால் ஒரு பார்வை பார்த்தால், தவறு செய்த பெண் தளத்தின் மறுகோடியில் இருந்தாலும் உடம்பு கூசும் என்று அவரிடம் ஆடியவர்கள் சொல்வார்கள்.

ஆரம்ப காலக் கதை ஒன்று. அணிப் பெண்கள் இரவு வெகுநேரம் வெளியே கொண்டாடிவிட்டு வந்தது தெரிந்தது. மறுநாள் பயிற்சிக்கு வந்தால் தளத்தின் நான்கு மூலையிலும் நான்கு குப்பைத் தொட்டி. ஓட வேண்டியது, வாந்தி வந்தால் தொட்டியில் எடுக்க வேண்டியது, மறுபடி ஓட வேண்டியது.

இதை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று ஒரு பயிற்சியாளர் அப்படிச் செய்தால் வேலை போகும், போகவும் வேண்டும். தொடக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே முறை அப்பாவின் முறை. எனக்கு அவரைப் பிடிப்பது அதைவிட்டு அவர் நகர்ந்து வந்ததால். அணிக்காக அவர் எழுதிவைத்த பன்னிரண்டு விதிகளில் ஒன்று, மாற்றம் கட்டாயம் என்பது. அதைத் தனக்கும் சேர்த்தே எழுதியிருந்தார். வருஷங்கள் போகப் போக ஆட்டக்காரர்களைக் கேட்கவும், அவரவர் குணத்துக்கு ஏற்பப் பேசவும் பழகினார். தமிக்கா கேச்சிங்ஸ் ஒரு நல்ல உதாரணம். பிறவியிலேயே காது சரியாகக் கேட்காதவர். சின்ன வயதில் மற்ற பிள்ளைகள் கேலி செய்ததால் காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, உதட்டைப் பார்த்தே சமாளித்து வந்தவர். கல்லூரிக்கு வந்த பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி, மறுபடி கருவி போடவும் பேச்சுப் பயிற்சிக்குப் போகவும் சம்மதிக்க வைத்தவர் சம்மிட். இது உன்னைப் பார்த்து மற்றவர்களுக்குத் தைரியம் வரும் விஷயம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கேச்சிங்ஸ் பின்னால் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

தளத்தில் அவருடைய பாணி என்ன?

தடுப்பாட்டமும் ரீபவுண்டும். கூடையில் விழாத பந்து யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சாம்பியன்ஷிப் இருக்கிறது என்பது அவர் கட்சி. பயிற்சியில் மாணவர்களை, அதாவது ஆண்களை, எதிரணியாக நிறுத்தி ஆடவைப்பார். தங்களைவிட உயரமும் வேகமும் கூடியவர்களிடம் தினம் தினம் பந்தைப் பறித்துப் பழகிய பெண்களுக்கு உண்மையான ஆட்டம் இலகுவாகத் தெரியும்.

படிப்பு விஷயத்தில் எப்படி?

வகுப்பைத் தவறவிட்டால் ஆட்டம் இல்லை. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரிக்கும் இதே விதி.

அவரிடம் நான்கு வருஷமும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கியிருக்கிறார். 38 ஆண்டுகளில் விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. 1,098 என்ற எண்ணை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தாண்டிவிட்டார்கள். இந்தப் பட்டக் கணக்கைத் தாண்ட யாராலும் முடியாது, அதிகபட்சம் சமன் செய்யலாம். அவருடைய சாதனைகளில் எதை முதலில் சொல்வது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் கல்லூரிக்கு வந்து, நான்கு வருஷம் அரங்கை நிறைத்துக் கொடுத்துவிட்டு, கையில் பட்டம் இல்லாமல் வெளியே போனவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அணி ஜெயித்துக்கொண்டிருக்கும் வரை அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இவர் கேட்டார், ஜெயித்துக்கொண்டிருந்தபோதே கேட்டார்.

அவருடைய மிகச் சிறந்த அணி எது?

பொதுவாக எல்லோரும் 1997-98 அணியைச் சொல்வார்கள். 39 ஆட்டம், 39 வெற்றி. சராசரியாக ஏறத்தாழ 30 பாயின்ட் வித்தியாசம். ஷமீக் ஹோல்ட்ஸ்கிளா, தமிக்கா கேச்சிங்ஸ், செமீக்கா ராண்டால் என்று பெயரில் 'மீக்' போன்ற ஒலி வரும் மூவர் சேர்ந்து ஓடினால் எதிரணிக்கு மூச்சு வாங்கும். இறுதி ஆட்டத்தில் மறுபடி லூசியானா டெக், 93-75.

எனக்கு அதற்கு முந்தைய வருஷத்து அணிதான் பிடிக்கும். 1996-97-இல் அவர்கள் பத்து ஆட்டம் தோற்றார்கள். பத்துத் தோல்வியோடு யாரும் கோப்பையைப் பற்றி நினைக்க மாட்டார்கள். மார்ச்சில், அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத கனெக்டிகட்டை 91-81 என்று வென்று ஃபைனல் ஃபோருக்குப் போனார்கள். இறுதியில் ஓல்டு டொமினியனை 68-59 என்று முடித்தார்கள். திறமை குவிந்து கிடக்கும் அணியை ஜெயிக்க வைப்பது ஒரு வேலை. ஜனவரியில் உடைந்து கிடக்கும் அணியை மார்ச்சுக்குள் எழுப்பி நிறுத்துவது வேறு வேலை. ஒரு பயிற்சியாளரின் கைவண்ணம் இரண்டாவதில்தான் நன்றாகத் தெரியும்.

கனெக்டிகட்டோடு என்ன சண்டை?

கனெக்டிகட் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா. 1995 ஜனவரியில் இரு அணிகளும் முதன்முறை மோதின, கனெக்டிகட் வென்றது. அதே சீசனின் இறுதி ஆட்டத்திலும் வென்று, ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்தது. அதன் பிறகு 12 ஆண்டுகள், இந்த இரண்டு அணிகள் ஆடினால் நாடே பார்க்கும் என்ற நிலை. 2006 ஜனவரியில் நாக்ஸ்வில் அரங்குக்கு 24,000 பேருக்கு மேல் வந்தார்கள். மொத்தம் 22 ஆட்டத்தில் கனெக்டிகட் 13, டென்னசி 9.

2007-இல் சம்மிட் இந்தத் தொடரை நிறுத்திவிட்டார். மாணவிகளைச் சேர்க்கும் விஷயத்தில் கனெக்டிகட் நடந்துகொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனாலும் பெண்கள் கூடைப்பந்துக்கு அது நஷ்டம்தான் என்று நினைக்கிறேன். சாதாரணப் பார்வையாளர்களை இழுத்து வந்த ஆட்டம் அது. மறுபடி தொடங்கியது 2020-இல். இடையில் சம்மிட்டுக்கு நோய் என்று தெரிந்ததும், அவருடைய அறக்கட்டளைக்கு முதலில் நன்கொடை கொடுத்தவர்களில் ஆரியெம்மாவும் ஒருவர், 10,000 டாலர்.

ஆண்கள் அணிக்குக் கூப்பிட்டார்களாமே, ஏன் போகவில்லை?

டென்னசி ஆண்கள் அணிக்காக அவரை இரண்டு முறை அணுகியதாகச் சொல்லப்படுகிறது. ஆண்கள் அணிக்குப் போவதை ஏன் மேலே போவதாக நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ரக்கூனை அடித்த கதை நிஜமா?

நிஜம். ரக்கூன் என்பது அமெரிக்காவில் வீட்டுப் பக்கம் வரும் சின்னக் காட்டு விலங்கு. 2008-இல் வீட்டுக்கு வந்து தன் நாயிடம் பாய இருந்த ஒரு ரக்கூனைக் கையால் தள்ளினார். தோள்மூட்டு விலகிவிட்டது. தானே சரிசெய்யப் பார்த்து, முடியாமல் போன பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்.

ஏன் 2012-இல் நிறுத்தினார்?

2010-11 சீசனில் சின்னச் சின்ன விஷயங்கள் நழுவ ஆரம்பித்தன. எந்த நேரத்தில் எந்த வியூகத்தை ஆடச் சொல்ல வேண்டும் என்பது மறந்தது, கூட்டங்களுக்கு நேரம் தவறியது. மயோ கிளினிக் மருத்துவமனையில் சோதித்தபோது இளவயதில் வரும் அல்சைமர் என்று தெரிந்தது. 2011 ஆகஸ்டில், 59 வயதில், அவரே அதை வெளியே சொன்னார்.

மறைத்திருக்கலாம், உடனே விலகியும் இருக்கலாம். இரண்டும் செய்யாமல், பல்கலைக்கழகத்திடம் விஷயத்தைச் சொல்லி, இன்னொரு சீசன் பயிற்சியாளராக இருக்கிறேன் என்றார். பல்கலைக்கழகமும் சரி என்றது. அந்தச் சீசனில் ஆட்டத்தின் நடுவே முடிவெடுக்கும் பொறுப்பைப் பெருமளவு உதவிப் பயிற்சியாளர்களிடம் கொடுத்தார். முக்கியமாக ஹாலி வார்லிக்கிடம். 1970-களில் அவரிடமே ஆடி, பிறகு 27 வருஷம் அவர் பக்கத்திலேயே உதவியாளராக உட்கார்ந்தவர் வார்லிக். அரங்கம் முழுக்க, நாங்கள் பேட் பக்கம் என்ற வாசகம் போட்ட டி-ஷர்ட்டுகள். எதிரணியின் ரசிகர்களும் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்த அணி 27 ஆட்டத்தில் வென்று, 2012 மார்ச்சில் பெய்லர் அணியிடம் தோற்றது. அதுதான் சம்மிட்டின் கடைசி ஆட்டம். எதிர் இருக்கையில் இருந்த பெய்லர் பயிற்சியாளர், 1984-இல் அவரிடம் ஆடிய அதே கிம் மல்கி. பெய்லர் அந்த வருஷம் 40 ஆட்டமும் வென்று கோப்பையை எடுத்தது.

ஏப்ரலில் பொறுப்பை வார்லிக்கிடம் கொடுத்தார். மே மாதம் அதிபர் ஒபாமா அவருக்கு அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் வழங்கினார். 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் நாக்ஸ்வில்லில் இறந்தார்.

நோயோடு அவர் ஆடவைத்த அந்த ஒரு சீசனைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. அணிக்கு அது நியாயமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. வீட்டில் மறதி நோய் வந்த பெரியவர் இருந்தால், வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்கள் எத்தனையோ. நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் ஒரு வேலையில் இருந்துகொண்டு, எனக்கு இது வந்திருக்கிறது, எனக்கு உதவி வேண்டும் என்று அவர் சொன்னதால், கேட்ட பலருக்கு வாய் திறந்தது.

அவருடைய சாதனைகளை யாராவது முறியடித்தார்களா?

வெற்றி எண்ணிக்கையில், ஆமாம். டியூக் ஆண்கள் அணியின் மைக் ஷெஷெவ்ஸ்கி 2018-இல் 1,098-ஐத் தாண்டினார். பெண்கள் பிரிவில் ஸ்டான்ஃபர்டின் தாரா வான்டெர்வீர் 2020 டிசம்பரில் தாண்டினார். பிறகு ஆரியெம்மாவும் தாண்டி, 2024 நவம்பரில் ஆண், பெண் இரு பிரிவிலும் முதலிடம் பிடித்தார். சாம்பியன்ஷிப்பிலும் ஆரியெம்மா 12 வரை போய்விட்டார்.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பெண்களுக்குக் கூடைப்பந்துப் போட்டித் தொடர் நடத்தத் தொடங்கியது 1982-இல். அன்று முதல் சம்மிட் விலகும் வரை 31 தொடர் நடந்தது. 31-லும் டென்னசி இருந்தது.

அவரிடம் கற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

எங்கும் இருக்கிறார்கள். வார்லிக்குக்குப் பிறகு டென்னசி அணியை நடத்திய கெல்லி ஹார்ப்பர், 1996 முதல் 1998 வரை மூன்று கோப்பை வென்ற அணியின் பாயின்ட் கார்டு. 2007, 2008 கோப்பைகளின் நாயகி கேண்டஸ் பார்க்கர், பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏ-வில் மூன்று வெவ்வேறு அணிகளோடு சாம்பியன்ஷிப் வாங்கினார். கேச்சிங்ஸ், தான் ஆடிய இண்டியானா ஃபீவர் அணியின் பொது மேலாளராகவும் இருந்தார்.

நிக்கி ஃபார்கஸ் டென்னசியில் ஆடி, அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருந்து, யுசிஎல்ஏ-வுக்கும் பிறகு லூசியானா ஸ்டேட்டுக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2021-இல் டபிள்யூஎன்பிஏ-வின் லாஸ் வேகஸ் ஏசஸ் அணியின் நிர்வாகத் தலைவராகப் போனார். ஏசஸ் 2022-லும் 2023-லும் கோப்பை வென்றது. அவர் விட்டுப் போன லூசியானா ஸ்டேட் நாற்காலிக்கு வந்தவர் கிம் மல்கி. 2023-இல் கேய்ட்லின் கிளார்க்கின் அயோவாவைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது அந்த அணிதான்.